விதைப்பானை: வாசகர் கேள்வி - பதில்

ஆனி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்கள் இரட்டிப்பாகிவிடும். ஆடிப்பட்டத்துக்கு நாற்றங்கால் போட வேண்டுமே என்ற தவிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே வருத்தத்தைத்தான் சொல்கின்றன: "நானே விதை எடுத்தேன், அடுத்த முறை பழைய காய் வரவில்லை." ஆகவே இந்த இதழில் விதை எடுப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உரமும் பூச்சியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கிய தக்காளி ஒன்றைப் பிழிந்து விதை எடுத்து மாடியில் வைத்தேன். எட்டுச் செடிகள் வந்தன. ஒன்றில் உருண்டைக் காய், ஒன்றில் நீளக் காய், ஒன்றில் கோலிக்குண்டு அளவு. ஒட்டு ரக விதை முளைக்கவே முளைக்காது என்று என் அண்ணன் சொல்வார். இது முளைத்துவிட்டதே, அப்படியானால் நாட்டுத் தக்காளிதானா?
- வாசகி, மடிப்பாக்கம்

இல்லை தங்கச்சி. முளைத்துவிட்டதால் நாட்டு ரகம் ஆகிவிடாது. ஒட்டு ரக விதை மலடு என்பது ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் தவறான பேச்சு. அது நன்றாகவே முளைக்கும். முளைத்த பிறகு என்ன வரும் என்பதில்தான் சிக்கல்.

குணத்தில் வேறுபட்ட இரண்டு ரகங்களைத் தாயாகவும் தந்தையாகவும் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்து எடுப்பதுதான் வீரிய ஒட்டு விதை. பொட்டலத்தில் எஃப்-1 என்று போட்டிருப்பது அதைத்தான். அந்த முதல் தலைமுறை முழுவதும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்கும். அதிலிருந்து நீங்கள் விதை எடுத்தால் பாட்டன் குணமும் பாட்டி குணமும் பிரிந்து, ஆளுக்கு ஒரு விதமாக வெளியே வரும். 1865-இல் மெண்டல் தன் பட்டாணிச் செடிகளில் கண்டு சொன்னதும் இதுதான். உங்கள் மாடியில் எட்டுத் தொட்டிகளில் அது நடந்திருக்கிறது.

நாட்டு ரகம் வேறு, விதை எடுக்கத் தகுந்த ரகம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தேனி அருகே அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளி இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அதிலிருந்து எடுத்ததுதான் பிகேஎம் 1. ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. அது ஒட்டு ரகம் இல்லை. அதன் விதையைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துப் போடலாம், காய் மாறாது. "நாட்டு" என்று அட்டையில் எழுதி விற்கும் எல்லாமும் நாட்டு ரகம் இல்லை. விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இதில் விதை எடுத்தால் தாய்போலவே வருமா? நீங்கள் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?" இரண்டாவது கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

அந்த எட்டில் ஏதாவது ஒரு செடியின் காய் உங்கள் நாக்குக்கும் கண்ணுக்கும் பிடித்திருந்தால், அதை மட்டும் வைத்து விதை எடுங்கள். அடுத்த முறையும் அதேபோல் வருவதை மட்டும் வைத்து எடுங்கள். ஆறேழு தலைமுறை இப்படிப் பொறுக்கினால் அது நிலைத்துவிடும். மாடியில் வருடத்துக்கு இரண்டு பட்டம் போட்டால் மூன்று நான்கு வருட வேலை. நான் செய்திருக்கிறேன், செய்ய முடியும்.

விதை எடுக்கும்போது நன்கு பழுத்த பழத்தைச் சாறோடு கண்ணாடிக் குடுவையிலோ மண் சட்டியிலோ பிழிந்து, மூடாமல் மெல்லிய துணி கட்டி, ஒன்றரை நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது. புளித்தால்தான் அது கழலும். நம் வெயிலில் மூன்று நாள் விட்டால் சட்டியிலேயே முளைவிட்டுவிடும்.

கத்தரியை விதைக்காக முற்ற விட்டால் செடியிலேயே அழுகிப் போகிறது. எப்போது பறிப்பது, எப்படி விதை எடுப்பது என்று விளக்கமாகச் சொல்லுங்கள் அம்மா.
- வாசகர், விருத்தாசலம்

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் நான் அதிகம் எடுத்த விதை கத்தரி விதைதான்.

அழுகியது காயின் குற்றம் இல்லை தம்பி. நம்மில் பலர் காய்ப்பு முழுவதையும் பறித்துச் சமைத்துவிட்டு, செடி ஓய்ந்த பிறகு, இலை மறைவில் கண்ணுக்குத் தப்பிக் கிடந்த ஒற்றைக் காயை "இது விதைக்கு இருக்கட்டும்" என்று விடுகிறோம். அது பிந்திப் பிடித்த காய். பெரும்பாலும் புழு துளைத்த காய். மழை பிடித்துக்கொண்டால் துளை வழியாக நீர் இறங்கி அழுகும். அழுகாமல் தப்பினாலும் நல்லதில்லை. பிந்திக் காய்ப்பதையும் சிறுத்துக் காய்ப்பதையும் நாமே பொறுக்கி வளர்த்தவர்கள் ஆகிறோம். நான்கு வருடம் இப்படிப் போனால் ரகம் மெலிந்துவிட்டது என்று மண்ணைக் குறை சொல்வோம்.

என் அம்மாச்சி வேடசந்தூர்ப் பக்கம் செம்மண் காட்டில் கத்தரி வைத்தவர். ஊதாவில் வெள்ளை வரி ஓடிய காய். எங்கள் வீட்டில் அதற்கு வரிக்கத்தரி என்றுதான் பெயர். முதல் பறிப்பு குலசாமிக்கும் வீட்டுக்கும் போகும். அந்தப் பறிப்பின்போதே அவர் செடிகளைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொள்வார். எது முந்திக் காய்த்தது, எது கிளை பிரிந்து நின்றது, எதில் தண்டுத்துளைப்பான் ஏறவில்லை, கிணற்றில் தண்ணீர் குறைந்த வாரத்தில் எது வாடாமல் நின்றது என்று பார்ப்பார். காயைப் பார்த்துப் பொறுக்கமாட்டார், செடியைப் பார்த்துத்தான் பொறுக்குவார். வதங்கிய செடியிலும் ஒரு காய் மினுமினுவென்று பெரிதாக இருக்கும். அது விதைக்கு ஆகாது.

இரண்டாம் மூன்றாம் காய்ப்பில், பொறுக்கி வைத்த செடிகளில் செடிக்கு இரண்டு காய் வீதம் மஞ்சள் துணிக் கிழிசலைக் காம்பில் கட்டிவிடுவார். பிறகு அந்தச் செடிகளில் மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிவிடுவார். கிழிசல் கட்டிய காயை வீட்டில் யாரும் தொடக்கூடாது. ஒருமுறை திடீரென்று விருந்தாள் வந்துவிட, என் தாய்மாமன் அவசரத்தில் அவற்றில் நான்கைப் பறித்துக் குழம்புக்குக் கொடுத்துவிட்டார். அம்மாச்சி விருந்தாளுக்கு முகம் கோணாமல் பரிமாறினார். தான் அந்தக் குழம்பைத் தொடவில்லை. அன்று இரவு அவர் வெறும் மோர்ச் சோறு தின்றதை நான் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. விதை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூத்ததிலிருந்து ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் காய் பழுக்கும். ஊதா வெளிறி, செம்புப் பாத்திரம் மங்கியதுபோல் ஆகி, பிறகு மஞ்சளாகும். முழு மஞ்சள் வந்ததும் காம்போடு அறுத்து, நிழலில் நான்கைந்து நாள் போட்டுவையுங்கள். மழைக்காலம் என்றால் முக்கால் மஞ்சளிலேயே அறுத்துக்கொள்ளலாம், மீதி வீட்டுக்குள் பழுத்துக்கொள்ளும். உங்களுக்கு அழுகல் தொல்லை இருப்பதால் இதைக் கடைப்பிடியுங்கள்.

கை வைத்தால் பொதுபொதுவென்று இருக்கும் பழத்தை அம்மிக்கல்லின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். உள்ளே சதையிலிருந்து விதை கழலுவது கைக்குத் தெரியும். பிறகு காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் கீறி, வாய் அகன்ற பாத்திரத்துத் தண்ணீருக்குள் பிதுக்குங்கள். விதை பெரும்பாலும் அந்த அடிப்பாதியில்தான் அடர்ந்திருக்கும். நல்ல விதை அடியில் போய் உட்காரும். சதையும் பொக்கு விதையும் மிதக்கும். மிதப்பதைச் சாய்த்து ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். ஐந்தாவது தண்ணீரில் அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் மணல்போல விதை மட்டும் கிடக்கும். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

வடித்த விதையில் சலித்த விறகுச் சாம்பலைப் போட்டுப் பிசறி, பருத்தித் துணியில் பரப்புங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் பரப்பினால் புழுங்கும். முதல் நாள் நிழல். அடுத்து மூன்று நான்கு நாள் காலை வெயிலும் மாலை வெயிலும் மட்டும். உச்சி வெயிலில் காய்ந்த விதை பார்வைக்கு நன்றாக இருக்கும், முளைக்காது. நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் காய்ந்துவிட்டதென்றால் கட்டிவைக்கலாம்.

இன்னொன்று. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆனால் கருவண்டும் தேனீயும் வந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் வந்து சேரும். இரண்டு ரகம் வைத்திருந்தால், விதைக்கு விடும் பூங்கொத்துக்கு மொட்டிலேயே பழைய வேட்டித் துணியில் தைத்த சிறு பையை மாட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டுங்கள். குறைந்தது ஆறு செடிகளின் விதையைக் கலந்து வையுங்கள். ஒரே செடியின் விதையை வைத்து ரகத்தைக் காப்பாற்ற முடியும் என்றாலும், அதில் இல்லாத குணம் பிறகு எங்கிருந்து வரும்?

எங்கள் வீட்டுக் கும்பச் சுரை பத்து வருடமாக இருப்பது. இந்த முறை நான் எடுத்த விதையில் முளைத்த கொடி, காயெல்லாம் கசக்கிறது. பக்கத்தில் பாகல் பந்தல் இருக்கிறது. அதனால்தான் கசப்பு ஏறிவிட்டதா? தோலை ஆழமாகச் சீவி உப்புப் போட்டுச் சமைக்கலாமா?
- வாசகி, பொள்ளாச்சி

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: சமைக்க வேண்டாம். ஒரு துண்டுகூட வேண்டாம். கசக்கும் சுரைக்காயில் இருக்கும் குக்குர்பிட்டேசின் நஞ்சு சமைத்தாலும் உப்புப் போட்டாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே நிபுணர் குழு வைத்து எச்சரித்தது. எந்தச் சுரைக்காயாக இருந்தாலும் நறுக்கியதும் சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு, காயை மண்ணில் புதைத்துவிடுங்கள். அதற்கு முன்பே தின்று வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி காரணம். பாகல்மீது பழி போடாதீர்கள். சுரையும் பாகலும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு இனம். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் பிடிக்காது. பூசணியோடும் பீர்க்கோடும்கூடச் சுரை சேராது. சுரை இன்னொரு சுரையோடுதான் சேரும். உங்கள் வேலியோரத்திலோ ஓடைக்கரையிலோ பேய்ச்சுரை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் மகரந்தம் போன பட்டத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். போன முறை காய் இனித்ததே என்பீர்கள். காயின் சதை தாய்க்கொடிக்கு உரியது. கலந்தது உள்ளேயிருக்கும் விதையில்தான். அந்த விதை முளைத்துக் கொடியாகிக் காய்த்த பிறகே கலப்பு வெளியே தெரியும். கடும் வறட்சியிலும் கசப்பு ஏறுவதுண்டு, ஆனால் கொடி முழுக்கக் கசந்தால் அது கலப்புதான். அந்தக் கொடியை அறுத்து எறியுங்கள். அதிலிருந்து விதை எடுக்கவே கூடாது. உழவர்கள் இப்படிப்பட்டதைக் கலவன் என்பார்கள். கலவனைப் பிடுங்க மனம் வராதவரால் விதை காக்க முடியாது.

பழைய விதையில் மிச்சம் இருந்தால் அதைப் போட்டு, இம்முறை கையாலேயே மகரந்தம் சேருங்கள். சுரைப்பூ மாலையில் மலர்வது. பாகலுக்கும் பூசணிக்கும் தேடுவதுபோலக் காலையில் தேடினால் வாடியிருக்கும். பிற்பகல் நான்கு மணிக்குப் பந்தலடிக்குப் போங்கள். நாளை விரியும் மொட்டு பச்சையாக இருக்கும். இன்று விரியப்போவது நுனியில் வெள்ளை காட்டி நிற்கும். பெண் பூவின் அடியில் குட்டிச் சுரை இருக்கும், மேலெல்லாம் வெள்ளை ரோமம். ஆண் பூவுக்கு நீண்ட காம்பு மட்டும்தான். வெள்ளை காட்டும் ஆண் மொட்டு இரண்டும் பெண் மொட்டு ஒன்றும் தேர்ந்து, விரியவிடாமல் நுனியைத் தளர்வாக நூலால் கட்டிவிடுங்கள். பொழுது சாயும்போது ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்து, நடுவிலிருக்கும் மகரந்தக் குச்சியைப் பெண் பூவின் நடுவே மூன்றாகப் பிரிந்திருக்கும் முடியில் மெதுவாகத் தடவுங்கள். மஞ்சள் மாவு ஒட்டுவது தெரிய வேண்டும். உடனே பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் சிவப்பு நூல் ஒன்று சுற்றுங்கள். அந்த நேரத்தில் விட்டில்கள் வரத் தொடங்கியிருக்கும். அவை வருவதற்கு முன்னால் நீங்கள் முடித்துவிட வேண்டும்.

ஆண் பூவை வேறொரு கொடியிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. சிவப்பு நூல் கட்டிய காய் நெற்றாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் வரை கொடியிலேயே இருக்கட்டும்.

இரண்டு ஏக்கரில் மானாவாரியாக முண்டு மிளகாய் போடுகிறேன். அடுத்த நிலத்துக்காரர் நீள மிளகாய் ஒட்டு ரகம் போட்டிருக்கிறார். என் விதை கெட்டுவிடுமா?
- விவசாயி, முதுகுளத்தூர்

கெடும் ஐயா, மெல்ல மெல்லக் கெடும். மிளகாய்ப் பூவுக்குத் தேனீ நிறைய வருகிறது. சான்று விதைக்கு 200 மீட்டர், ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதைச்சான்று விதிகள் சொல்கின்றன. அடுத்த வரப்புக்காரரை எழுந்து போகச் சொல்ல முடியாது. நிலத்தின் நடுவில் நல்ல செடியாக முப்பதைத் தேர்ந்து, முதல் பூ விரியும் முன் கம்பு நட்டுக் கொசுவலை போட்டு மூடுங்கள். மிளகாய் தானே காய்த்துக்கொள்ளும். காலையில் செடியைக் கொஞ்சம் உலுக்கிவிட்டால் போதும். மூடுவதற்கு முன்பே விரிந்துவிட்ட பூ இருந்தால் அதைக் கிள்ளிவிட்டு, வலைக்குள் விரிந்தவற்றில் மட்டும் காய் எடுங்கள்.

அந்தப் பழத்தைத் தார்ச்சாலையில் காயப்போடாதீர்கள். சந்தைக்குப் போகும் வற்றலுக்குத் தார்ச்சூடு பரவாயில்லை, விதைக்கு அது சாவு. களத்தில் பாய் விரித்துக் காயவையுங்கள்.

மிளகாய் நம் மண்ணில் பிறந்ததில்லை, போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் கடந்து வந்தது. தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துக்காரிதான். ஆனாலும் உருண்டையாக, தடித்த தோலோடு, தண்ணீரில்லாத சீமைக்குத் தகுந்ததாக மிளகாயைப் பொறுக்கிப் பொறுக்கி முண்டாக்கியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்கும் கிடைத்தது. குறியீடு கிடைத்ததால் மட்டும் விதை காப்பாற்றப்பட்டுவிடாது. உங்கள் முப்பது செடியும் கொசுவலையும்தான் அதைச் செய்ய வேண்டும்.

விதைகளை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? சாம்பலும் வேப்பிலையும் போதும் என்கிறார் மாமியார்.
- வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் மாமியார் சொல்வதில் பொருள் இருக்கிறது. சாம்பல் ஈரத்தை இழுக்கும், வண்டின் மேலுடலை உராய்ந்து வற்றச் செய்யும். துவரை, மொச்சை போன்றவற்றுக்கு எங்கள் பக்கம் செம்மண் கட்டுவோம். செம்மண்ணைக் குழைத்து விதையோடு பிசறி, வெயிலில் காயவைத்துப் பானையில் போட்டால் வண்டு அண்டுவது வெகுவாகக் குறையும்.

ஃப்ரிட்ஜும் நல்லதுதான், ஆனால் காயாத விதையை அதில் வைத்தால் பயனில்லை. ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி ஒரு கணக்குச் சொன்னார்: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் இன்னொரு முறை இரட்டிப்பாகும். முதலில் ஈரத்தை எடுங்கள். பச்சரிசியை வறட்டுச் சட்டியில் நன்றாக வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, கண்ணாடிப் புட்டியில் பாதிவரை போடுங்கள். விதையைத் துணியில் முடிந்து அதன்மேல் வைத்து இறுக மூடி ஒரு வாரம் விடுங்கள். பிறகு காய்ந்த வேறு புட்டிக்கு மாற்றி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். புட்டியின் குளிர் போகும் வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரமெல்லாம் விதையில் வேர்த்துப் படியும்.

வெங்காய விதையை ஒரு வருடத்துக்கு மேல் நம்பாதீர்கள். வெண்டை இரண்டு வருடம். கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்ந்திருந்தால் நான்கு வருடம் தாங்கும். புட்டியின்மேல் ரகம், மாதம், வருடம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிருக்கும் என்று நினைப்போம், இருக்காது.

எங்கள் மகளிர் குழு விதைத் திருவிழாவில் அவரை, கீரை விதைகளை விற்றது. உரிமம் இல்லாமல் விதை விற்பது குற்றம் என்று ஒருவர் மிரட்டினார். பயமாக இருக்கிறது.
- தர்மபுரி

நீங்கள் விளைவித்த விதையா? அப்படியானால் தைரியமாக இருங்கள். தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001-இன் 39-ஆவது பிரிவு, உழவர் தன் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகிப் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் போட்டுப் பொட்டலமிட்டு விற்பதற்குத்தான் அதில் தடை. பாட்டி கொடுத்த அவரையைத் துணிப்பையில் அள்ளிக் கொடுப்பது அதில் வராது. வெளியிலிருந்து வாங்கி வந்து கடைபோல விற்பது வேறு கதை. அதற்கு வேளாண்மைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவை அச்சிட்டு மேசையில் வைத்திருங்கள்.

விற்பதைவிட மறைந்த நெல் ஜெயராமன் வழி எனக்குப் பிடிக்கும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில், விதை வாங்கிப் போகிறவர் இரண்டு கிலோவுக்கு அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே பேச்சு. இப்படித்தான் 174 பாரம்பரிய நெல் ரகங்களை அவர் மீட்டார். உங்கள் குழுவில் ஒரு பிடிக்கு இரண்டு பிடி என்று வைத்துப் பாருங்கள்.

என் மனைவி காலமாகி ஏழு வருடம் ஆகிறது. பரணைச் சுத்தம் செய்யும்போது அவள் கையால் முடிந்து வைத்த துணி முடிச்சு கிடைத்தது. அவரை விதை, எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. போட்டால் முளைக்குமா? எல்லாம் செத்துவிட்டால் அந்த முடிச்சும் இல்லாமல் போய்விடுமே என்று கை வரவில்லை.
- வாசகர், லால்குடி

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

நாற்பத்திரண்டையும் போட வேண்டாம். பத்தை மட்டும் எடுங்கள். துளை விழுந்ததை விட்டுவிட்டு, தோல் சுருங்காததாகப் பாருங்கள். பழைய விதையை நேரே தண்ணீரில் ஊறவைத்தால் காய்ந்த பருப்பு ஒரேயடியாக நீரை உறிஞ்சி வெடித்துவிடும். ஆகவே ஒரு டப்பாவின் அடியில் ஈரத்துணியை வைத்து, அதன்மேல் சிறு வடிகட்டியைக் கவிழ்த்து, விதை தண்ணீரைத் தொடாதபடி அதன்மேல் வைத்து, ஓர் இரவு மூடிவையுங்கள். ஈரக்காற்றை விதை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். மறுநாள் ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி, நிழலில் வைத்துத் தினமும் பாருங்கள். புது விதை நான்கு நாளில் முளைவிடும். இதற்குப் பன்னிரண்டு நாளாவது கொடுங்கள். நெகிழ்ந்து நாறும் விதையை உடனே எடுத்துவிடுங்கள்.

ஆடி பிறந்ததும் செய்யுங்கள். ஊர் அவரை பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தையில் காய்க்கும். இப்போதே அவசரப்பட்டுப் போட்டால் கொடி மட்டும் கூரையேறும், பூவைக் காண அதே மார்கழிவரை காத்திருக்க வேண்டும்.

பத்தில் ஒன்றே ஒன்று முளைத்தாலும் கவலைப்படாதீர்கள். அவரை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பது. ஒற்றைக் கொடி போதும். முதல் வருடம் ஒரு காயைக்கூடப் பறிக்காமல் எல்லாவற்றையும் நெற்றாக விடுங்கள். பத்தும் முளைக்கவில்லை என்றால் அடுத்த ஆடியில் இன்னொரு பத்து.

இதற்கிடையில் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் மனைவி யார் யாருக்கு இந்த விதையைக் கொடுத்தார் என்று விசாரியுங்கள். நாத்தனார், தங்கை, பக்கத்துத் தெரு, கூட வேலை செய்தவர்கள் என்று எல்லோரிடமும் கேளுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது எங்கள் கிணறு அடித்தரை தெரிய வற்றியது. நாற்றங்காலில் நின்ற வரிக்கத்தரி முழுவதும் கருகியது. கையிருப்பு விதையை எல்லாம் அந்தப் பட்டத்திலேயே போட்டிருந்தேன். ஒரு பிடியாவது நிறுத்தி வைக்கத் தெரியாமல் போனேன். அம்மாச்சி தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது என் கையில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறு வருடம் சித்திரையில் நத்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். பந்திக்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காய்க் குவியலில் வெள்ளை வரி ஓடிய ஊதாக் காய் ஒன்று கண்ணில் பட்டது. அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டேன். "உன் அம்மாச்சி எனக்குக் கல்யாணச் சீர்த் தட்டில் வைத்துக் கொடுத்தாள்" என்றார். அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்துவிட்டு எழுந்து போய், கொல்லையில் மஞ்சளாகத் தொங்கிய இரண்டு பழத்தை அறுத்து என் மடியில் போட்டார்.

பத்து விதையை எடுத்த பிறகு மிச்சம் முப்பத்திரண்டையும் அதே துணியில், அவர் முடிந்திருந்த மாதிரியே முடிந்து, காற்றுப் புகாத புட்டிக்குள் வையுங்கள். பரணில் வேண்டாம், ஓட்டுச் சூடு இறங்கும். கீழே, இருட்டான அலமாரியில் வையுங்கள்.

முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் ஆவணியில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.